பாக்கெட் இல்லாத மேசை, குஷன் ஓரமா கோடு: 45/2 பால்க்லைனும் ஆரம்ப கால அமெச்சூர் உலகப் பட்டமும்

கியூமுனை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ஸ்நூக்கர் பத்தி பக்கம் பக்கமா இழை ஓடுது, பூல் பத்தியும் ஓடுது, ஆனா பாக்கெட்டே இல்லாத மேசையில ஆடுற கேரம் பில்லியர்ட்ஸ் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. அதுலயும் பால்க்லைன்னு ஒரு ஆட்டம் இருக்கு, 100 வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்லயும் சிகாகோலயும் நியூயார்க்லயும் அதை பாக்க ஹால் நெறைய ஜனம் மூச்சு விடாம உக்காந்திருக்கும். அதுக்குத்தான் இந்த இழை.

மொதல்ல அடிப்படை. மேசை 10க்கு 5 அடி. மூணே பந்து, உங்களுக்கு ஒண்ணு, எதிராளிக்கு ஒண்ணு, பொதுவா ஒரு செகப்பு. உங்க பந்தால மத்த ரெண்டையும் தொட்டா ஒரு பாயிண்ட். தொடத் தொட ஆட்டம் உங்க கையிலயே இருக்கும், தவறிட்டா போய் நாற்காலில உக்காரணும். இதுதான் பழைய நேர் ஆட்டம், பிரெஞ்சுக்காரங்க லிப்ரேன்னு சொல்றது.

1870கள்ல ப்ரொஃபெஷனல் ஆளுங்க ஒரு வித்தையை கைவசம் பண்ணிட்டாங்க. ரெண்டு பந்தையும் குஷன் (மேசையோட ரப்பர் விளிம்பு) ஓரமா கொண்டாந்து சேத்து வெச்சுட்டு, தன் பந்தால லேசா தட்டித் தட்டி அப்படியே குஷனை ஒட்டி நகத்திக்கிட்டே போறது, மூலை வந்தா திருப்பிக்கிட்டு அடுத்த குஷன். 1879ல ஜேக்கப் ஷேஃபர் சீனியர் ஒரே இன்னிங்ஸ்ல 690 எடுத்தார். அடுத்த வருஷம் பாரிஸ்ல மோரிஸ் வின்யோ, ஜார்ஜ் ஸ்லாஸனுக்கு எதிரா 1531. அந்த 1531 முடியற வரைக்கும் ஸ்லாஸனுக்கு நாற்காலிதான்.

இப்படியே போனா டிக்கெட் வாங்கி யார் பாப்பாங்க? அதனால மொதல்ல மேசையோட நாலு மூலையிலயும் முக்கோணமா கோடு போட்டு பாத்தாங்க, அது பத்தல. 1883ல சிகாகோவுல குஷன்லேருந்து 8 அங்குலம் தள்ளி நாலு பக்கமும் கோடு போட்டு ஒரு டோர்னமெண்ட் நடத்துனாங்க, அதையும் ஷேஃபரே ஜெயிச்சார். அப்புறம் 14 அங்குலம், அப்புறம் 18 அங்குலம். இந்த 18 அங்குலத்தைத்தான் ஐரோப்பாவுல 45 சென்டிமீட்டர்னு எடுத்துக்கிட்டாங்க, 45/2ங்கிற பேர்ல வர 45 அதுதான்.

பிரான்ஸ்ல 1903ல அமெச்சூர்களுக்குன்னே தனி ஃபெடரேஷன் வந்துச்சு. அமெச்சூர் உலகப் பட்டத்துக்கான போட்டிகளும் அந்த காலத்துல 45/2லதான் நடந்துச்சு, அந்த முதல் பத்தாண்டுல திரும்பத் திரும்ப வர பேரு லூசியான் ரெரோல்ங்கிற பிரெஞ்சுக்காரர். என் கருத்தை இங்கயே சொல்லிடறேன்: அமெச்சூர்னா சுலபமான ஆட்டமே போதும்னு லிப்ரேல விடாம, அன்னிக்கு ப்ரொஃபெஷனல்கள் ஆடுன அதே கஷ்டமான ஆட்டத்தை எடுத்தாங்களே, அந்த முடிவுதான் இந்த விளையாட்டையே காப்பாத்துச்சு.

சும்மா_கேக்கிறேன் எழுதியது:

அண்ணா செம்ம இழை. நான் ஸ்நூக்கர் மட்டும்தான் ஆடுவேன். 45 புரிஞ்சுது, அந்த /2 என்ன? கோட்டுக்குள்ள பந்து போனா ஃபவுலா?

கியூமுனை எழுதியது:

ஃபவுல் இல்ல தம்பி. நாலு கோடும் சேந்து மேசையை 9 கட்டமா பிரிக்குது. நீங்க அடிக்க வேண்டிய ரெண்டு பந்தும் குஷனை ஒட்டின ஒரே கட்டத்துக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு வைங்க, அந்த கட்டத்துல அதிகபட்சம் 2 பாயிண்ட்தான் எடுக்கலாம். ரெண்டாவது பாயிண்ட் எடுக்கும்போது ஒரு பந்தாவது கட்டத்தை விட்டு வெளிய போயாகணும். வெளிய போயிட்டு திரும்பி உள்ளயே வந்தாலும் சரி, புதுசா ரெண்டு வாய்ப்பு கெடைக்கும். 18.1, 47/1 மாதிரி ஆட்டத்துல அந்த சலுகையும் கெடையாது, மொத அடியிலயே வெளிய அனுப்பணும்.

பந்துங்க உள்ள வந்த ஒடனே ரெஃப்ரி பிரெஞ்சுல "ஆந்த்ரே"ன்னு குரல் குடுப்பார், அதாவது நொழஞ்சாச்சு, ரெண்டு வாய்ப்பு இருக்கு. ஒரு பாயிண்ட் எடுத்தப்புறமும் ரெண்டும் உள்ளயே இருந்தா "தெதான்", இப்ப வெளிய அனுப்பியே ஆகணும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னா "ஆ ஷெவால்", அப்ப கட்டுப்பாடே இல்ல, எத்தனை வேணா எடுக்கலாம். நல்ல ஆட்டக்காரன் உயிரைக் குடுத்து தேடுறது இந்த மூணாவது நெலமையைத்தான்.

அந்த "தெதான்" அடி இருக்கே, அதுலதான் ஆளோட தரம் தெரியும். செகப்பை கட்டத்தை விட்டு வெரட்டணும், ஆனா அது சும்மா எங்கயோ போய் நிக்கக் கூடாது. எதிர் குஷன்ல பட்டு, சில சமயம் ரெண்டு மூணு குஷன் சுத்தி, கெளம்புன எடத்துக்கே வந்து சேரணும். அதே நேரத்துல நம்ம பந்து மெதுவா ரெண்டாவது பந்தை தொட்டுட்டு பக்கத்துலயே நிக்கணும். மேசையோட அந்தக் கோடி வரைக்கும் போய் திரும்பி வந்த செகப்பு, மத்த ரெண்டு பந்துக்கிட்ட ஒரு விரக்கடை தூரத்துல வந்து நிக்கறப்ப பாக்கணும். அதைத்தான் ரப்பேல்னு சொல்றாங்க, பந்தை திரும்ப கூப்பிடறது. லிப்ரேல குஷன் ஓரம் போயிட்டா இந்த அடிக்கு அப்புறம் வேலையே இல்ல. 45/2ல இது இல்லாம ஒரு நல்ல இன்னிங்ஸ் ஓடவே ஓடாது.

பழைய_மார்க்கர் எழுதியது:

தம்பி கியூமுனை, நல்லா எழுதிருக்கே. ஆனா எனக்கு ஒரு விஷயம் ஒத்துக்க முடியல. நான் கிளப்ல மார்க்கரா, அதாவது ஸ்கோர் எழுதி மேசையை பாத்துக்கற ஆளா, ரொம்ப காலம் வேலை பாத்தவன், பாக்கெட் மேசையில மூணு பந்தை வெச்சு ஆடுற இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் ஆடுறவங்களை பக்கத்துலேருந்து பாத்திருக்கேன். ஒருத்தன் ராத்திரி பகலா பழகி ஒரு வித்தையை பிடிக்கறான், அவன் ஜெயிக்கறான்ங்கறதுக்காக அந்த வித்தையையே தடை பண்றது என்ன நியாயம்?

நம்ம பக்கம் நடந்ததும் இதேதான். ஒரே அடில மத்த ரெண்டு பந்தையும் தொடறதை நாங்க கேனன்னு சொல்லுவோம். 1907ல லண்டன்ல டாம் ரீஸ் கிரேடில் கேனன்னு ரெண்டு பந்தை பாக்கெட் வாய்க்கிட்ட நிறுத்தி வெச்சுட்டு வாரக்கணக்குல தட்டி 4,99,135 பாயிண்ட் பிரேக் எடுத்தார், அதை ரெக்கார்டா ஏத்துக்கவும் இல்ல, அந்த அடியையே தடை பண்ணிட்டாங்க. அப்புறம் 1932 ஜனவரில வால்டர் லிண்ட்ரம், ஜோ டேவிஸுக்கு எதிரா 4137. பந்துங்களை பக்கத்துலயே வெச்சு தட்டிக்கிட்டே போற அந்த ஆளோட நர்ஸரி கேனனை அடக்கறதுக்குன்னே, மேசைக்கு குறுக்க இருக்கற பால்க் கோட்டை இத்தனை பாயிண்டுக்கு ஒரு தரம் தாண்டணும்னு விதி கொண்டாந்தாங்க. இந்த விதிக்குள்ள வளந்துதான் நம்ம வில்சன் ஜோன்ஸ் 1958ல கல்கத்தாவுல உலக அமெச்சூர் பட்டம் வாங்குனார், அதுல எனக்கு பெருமைதான். ஆனாலும் லிண்ட்ரம் மாதிரி ஒருத்தர் கையை கட்டிப் போட்டதை நெனைச்சா மனசு ஆற மாட்டேங்குது. திறமைசாலியை பாத்து பொறுக்காம போட்ட கோடுன்னுதான் எனக்கு தோணுது.

கியூமுனை எழுதியது:

சார், லிண்ட்ரம் விஷயத்துல உங்க ஆதங்கம் புரியுது. ஆனா கேரம்ல நடந்ததை முழுசா பாருங்க, கோடு யார் கையையும் கட்டல. ஒவ்வொரு கோட்டையும் ஆட்டக்காரங்க ஜெயிச்சாங்க, ஜெயிக்கறதுக்கு புதுசா ஒண்ணை கண்டுபிடிச்சாங்க, அதுதான் எனக்கு இதுல பிடிச்சதே.

கோடு போட்டாங்களா, ஒடனே ஆங்கர் நர்ஸ் வந்துச்சு. நர்ஸ்னா பந்துங்களை பிரிய விடாம லேசா தட்டிக்கிட்டே பாயிண்ட் எடுக்கறது. கோடு குஷனை தொடுற எடம் இருக்குல்ல, அங்க ஒரு பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம், ரெண்டும் குஷனோட ஒட்டிக்கிட்டு நிக்கும். சட்டப்படி ரெண்டும் வேற வேற கட்டம். நம்ம பந்தால ரெண்டையும் அசையாத அளவுக்கு தொட்டுக்கிட்டே இருக்கலாம். இதை தடுக்க 1894ல அந்த எடத்துல குஷனை ஒட்டி ஒரு சின்ன பெட்டி வரைஞ்சாங்க, பார்க்கர் பாக்ஸ்னு பேரு, அதுக்குள்ள ரெண்டு பந்தும் இருந்தா கட்டத்துக்குள்ள இருக்கற மாதிரியே கணக்கு. அப்புறம் சக் நர்ஸ்: ஒரு பந்து பெட்டிக்குள்ள குஷனோட ஒட்டி, இன்னொண்ணு பெட்டிக்கு சத்தே வெளிய. 1912ல வில்லியம் ஸ்பிங்ஸ்ங்கிறவர் அப்படி 18.1ல விடாம 1010 எடுத்தார், தவறி நிக்கல, போதும்னு தானே நிறுத்துனார். அதுக்கப்புறம் பெட்டியை 7 அங்குல சதுரமா பெருசாக்குனாங்க, இன்னிக்கு 17.8 சென்டிமீட்டர்னு இருக்கற ஆங்கர் சதுரம் அதுதான்.

இந்த ஸ்பிங்ஸ்தான் சார் நாமெல்லாம் கியூ முனையில தேய்க்கற சாக்கோட பொறுப்பாளி. சிகாகோ கெமிஸ்ட் வில்லியம் ஹாஸ்கின்ஸோட சேந்து 1897ல பேடண்ட் வாங்குனது. சுண்ணாம்புக்கு பதிலா சிலிகாவும் உராய்வுத் தூளும் சேந்த கட்டி. ஸ்நூக்கர் கிளப்ல மூலைக்கு மூலை கெடக்கற அந்த நீல கட்டிக்கு மூதாதை இந்த பால்க்லைன் ஆள் பண்ணுனதுதான்.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் இஞ்ச பெல்ஜியத்தில கன காலமா இருக்கிறன். இந்த விளையாட்டு இஞ்ச செத்துப் போகேல்ல, இப்பவும் கஃபே பின்பக்க அறையில மேசை கிடக்குது, வயசான ஆக்கள் பின்னேரத்தில வந்து லிப்ரேயும் காடரும் விளையாடுவினம். காடர் எண்டாத்தான் இஞ்ச எல்லாருக்கும் விளங்கும், அது நீங்கள் சொல்லுற பால்க்லைன்தான். மூண்டு குஷன் ஆட்டத்தில (ரெண்டாவது பந்தைத் தொட முன்னம் தன்ர பந்து மூண்டு தரம் குஷனில படவேணும்) உலகத்தையே ஆண்ட ரேமண்ட் குலமன்ஸ் லியர் ஊர்க்காரர்தான். மேசைக்கு விரிக்கிற சிமோனிஸ் துணியும் இந்த நாட்டுச் சாமான், வெர்வியே பக்கம் 1680 தொடக்கம் நெய்யினம்.

நான் கிட்ட நிண்டு பார்த்த ஒரு விசயம் சொல்லுறன். மூண்டு குஷன் விளையாடுற மேசையில கோடு இராது. காடர் போட்டி எண்டா முதல் நாளே ஒராள் நீளமான மரச்சட்டத்தை வைச்சு, மெல்லிய பென்சிலால துணி நோகாமக் கோடு கீறுவார். எட்ட நிண்டு பார்த்தாக் கண்ணுக்கே தெரியாது, நூல் கிடந்த மாதிரி. அதாலதான் ரெஃப்ரி குனிஞ்சு, முகத்தை மேசையோட வைச்சுப் பார்த்துத்தான் பந்து உள்ளயோ வெளியயோ எண்டு சொல்லுவார். பந்து துணியில தொடுற புள்ளிதான் கணக்கு, பந்தின்ர உடம்பு கோட்டுக்கு மேல நீட்டிக்கொண்டு நிண்டாலும் அதை எடுக்க மாட்டினம்.

பழைய மார்க்கர் ஐயாவுக்கு ஒண்டு: இஞ்ச லிப்ரேயை ஒருத்தரும் தடை செய்யேல்ல. மூலையில மட்டும் முக்கோணக் கோட்டோட அது தன்ர பாட்டில நடக்குது, காடர் தன்ர பாட்டில நடக்குது. சின்னப் பிள்ளையள் லிப்ரேயில தொடங்கி, கை பழகினாப் பிறகுதான் காடருக்கு வருவினம்.

உருளும்_கணக்கு எழுதியது:

கோட்டைப் பத்தியே எல்லாரும் பேசறீங்க, பந்தைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா ரெரோல் காலத்து ஆட்டத்தை இன்னிக்கு பந்தோட ஒப்பிட்டு "இப்ப ஆடுறவங்க ஆவரேஜ் (ஒரு இன்னிங்ஸுக்கு சராசரி பாயிண்ட்) எவ்வளவோ ஜாஸ்தி"ன்னு சொல்றவங்களுக்கு இது தெரியணும். அன்னிக்கு பெரிய போட்டிக்கெல்லாம் பந்து யானைத் தந்தம். தந்தத்துக்கு நடுவுல நரம்பு ஓடுன தடம் இருக்கும், பந்தோட மையம் அந்த தடத்து மேல சரியா அமையணும், கொஞ்சம் தள்ளிப் போனா உருளும்போது ஒரு பக்கம் சாயும். தந்தம் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், விடும், அதுக்கு தகுந்த மாதிரி பந்தோட வடிவமே லேசா மாறும். 1860கள்லயே நியூயார்க் பில்லியர்ட்ஸ் கம்பெனி ஒண்ணு தந்தத்துக்கு மாத்து கண்டுபிடிச்சா 10,000 டாலர்னு அறிவிச்சு, அந்த தேடல்லதான் ஹயாட்ங்கிற அமெரிக்கர் செல்லுலாய்டுங்கிற ஆரம்ப கால பிளாஸ்டிக் பக்கம் போனார். ஆனா நல்ல ஆட்டக்காரங்க தந்தத்தை லேசுல விடல.

இப்ப ரப்பேல் அடியை யோசிச்சு பாருங்க. செகப்பு அந்தக் கோடிக்கு போய் ரெண்டு மூணு குஷன் பட்டு திரும்பணும், ஒவ்வொரு குஷன்லயும் கோணத்துல ஏற்படற சின்ன பிசகு அடுத்ததுல பெருசாகும். இன்னிக்கு ஃபெனாலிக் ரெசின் பந்து 61.5 மில்லிமீட்டர், எடை கிராம் கணக்குல ஒத்துப்போகும், ஸ்லேட்டுக்கு அடியில ஹீட்டர் வெச்சு துணியை காய வெச்சே வெச்சிருக்காங்க. அது எதுவும் இல்லாம, மழை நாள்ல கனத்துப் போன துணியில, ஒண்ணுக்கொண்ணு சரியா ஒத்துவராத தந்தப் பந்தை வெச்சுக்கிட்டு 45 சென்டிமீட்டர் கட்டத்துக்கு திரும்ப கொண்டாந்தாங்கன்னா, அந்த கைக்கு எவ்வளவு பழக்கம் இருந்திருக்கணும். ஆவரேஜை மட்டும் வெச்சு அவங்களை எடை போடறது தப்பு, ரொம்ப தப்பு.

சும்மா_கேக்கிறேன் எழுதியது:

சூப்பர் தகவல். ஆனா ஒரு டவுட். அப்ப ப்ரொஃபெஷனல் உலகப் பட்டம் தனியா இருந்துச்சுல்ல? உண்மையான பெரிய ஆளுங்க அங்கதானே இருந்தாங்க? அமெச்சூர் உலக சாம்பியன்னா ரெண்டாம் தரம்தானே?

கியூமுனை எழுதியது:

உச்சம் எங்க இருந்துச்சுன்னு கேட்டா ப்ரொஃபெஷனல் பக்கம்தான், அதுல சந்தேகமே வேணாம். 1906 ஜனவரி 15, பாரிஸ் கிராண்ட் ஹோட்டல், 18.1 ஆட்டம். ஒரு பக்கம் 60ஐ நெருங்கிட்ட அதே வின்யோ, இன்னொரு பக்கம் 18 வயசு வில்லி ஹாப்பி. சின்ன வயசுல மேசை எட்டாம பெட்டி மேல ஏறி நின்னு பழகுனதால கையை பக்கவாட்டுல வீசி அடிக்கற பாணி ஹாப்பிக்கு கடைசி வரைக்கும் ஒட்டிக்கிச்சு. 500க்கு 323, வின்யோவை அவர் ஊர்லயே வெச்சு ஜெயிச்சுட்டு அமெரிக்கா திரும்புனான் பையன். அப்புறம் 1925ல ஷேஃபரோட மகன், அவர் பேரும் ஜேக் ஷேஃபர்தான், 18.2ல 400 பாயிண்ட் ஆட்டத்தை ஒரே இன்னிங்ஸ்ல முடிச்சார். ஆவரேஜ் 400, அதுக்கு மேல போக எடமே இல்ல.

ஆனா ரெண்டாம் தரம்ங்கற வார்த்தையை நான் ஏத்துக்க மாட்டேன். ப்ரொஃபெஷனல் பட்டம் அப்ப எப்படி நடந்துச்சு? பெரும்பாலும் சவால் விட்டு, பந்தயப் பணம் கட்டி, ரெண்டு பேர் மோதறது. யார் யாரை எப்ப சந்திக்கணும்ங்கறதை பணமும் மேனேஜரும் முடிவு பண்ணுவாங்க, சாம்பியன் தனக்கு வேண்டாத ஆளை தள்ளிப் போடலாம். அமெச்சூர் போட்டில வந்தவங்க எல்லாரும் எல்லாரோடவும் ஆடணும், ஜெயிச்ச ஆட்டம் எத்தனை, ஆவரேஜ் எவ்வளவு, பெரிய இன்னிங்ஸ் எவ்வளவுன்னு எழுதி வெக்கணும். இன்னிக்கு நாம உலக சாம்பியன்ஷிப்னு எதை சொல்றோமோ அந்த வடிவம் இந்தப் பக்கத்துலேருந்து வந்ததுதான்.

இன்னொரு சிக்கல், இதை யாரும் கவனிக்கறதே இல்ல. அமெரிக்க அமெச்சூர்கள் ஊர்ல தேசிய பட்டத்துக்கு ஆடுனது 14.2, ஐரோப்பாக்காரங்க ஆடுனது 45/2. 14 அங்குலத்துக்கும் 18 அங்குலத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலம்தானேன்னு தோணும், ஆனா கட்டம் அகலமாக ஆக பந்தை வெளிய கொண்டு போற தூரமும் கூடும், ரப்பேலோட வேகம் கோணம் எல்லாமே மாறிடும், கைக்கு பழகுன கணக்கு முழுசா ஒதவாது. அட்லாண்டிக் தாண்டி வந்து ஆடணும்னா அவங்க இதை புதுசா பழகணும். அப்படியும் அமெரிக்கா பக்கம் பெரிய ஆளுங்க இருந்தாங்க, சிகாகோவோட கால்வின் டெமாரெஸ்ட் அமெச்சூர்ல பேர் எடுத்துட்டு ப்ரொஃபெஷனலா மாறுனவர்தான்.

பழைய_மார்க்கர் எழுதியது:

அந்த எல்லாரும் எல்லாரோடவும் ஆடுற விஷயம் நல்ல பாயிண்ட். சவால் ஆட்டத்துல நடக்கற கூத்து எனக்கும் தெரியும். ஆனா அமெச்சூர்ங்கற சொல்லுக்கு பின்னாடி இன்னொண்ணும் இருக்கு தம்பி. அந்த காலத்துல அமெச்சூர்னா வயித்துப் பாட்டுக்கு கவலை இல்லாதவன். சொந்த வீட்லயே மேசை போட்டு பழகலாம், கப்பல்ல டிக்கெட் எடுத்து போகலாம். மார்க்கரா வேலை பாத்து, முதலாளிங்க ஆடி முடிச்சப்புறம் ராத்திரி விளக்கு அணைக்கறதுக்குள்ள நாலு அடி பழகுனவன் காசு வாங்கிட்டான்னு சொல்லி அந்த போட்டிக்குள்ளயே விட மாட்டாங்க. கேரம்லயும் அப்படித்தானே இருந்திருக்கும்?

கியூமுனை எழுதியது:

அப்படித்தான் சார், அதை மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்கள்ல ஒருத்தர் வில்சன் ஃபாஸ், வெடிமருந்து தொழில்ல பெரும் பணம் சம்பாதிச்சவர். அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் நேரமும் மேசையும் இருந்துச்சு. இந்த பிரிவு கேரம்ல ரொம்ப வருஷம் நீடிச்சு, 1959ல மாட்ரிட்ல உலக பில்லியர்ட்ஸ் யூனியன் அமைஞ்சதெல்லாம் ரொம்ப பின்னாடி. நடுவுல எத்தனை நல்ல மார்க்கர்கள் மேசையை தொடச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிருப்பாங்களோ, அதை நெனச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

ஆனா ஆட்டம் பாரிஸை விட்டு வெளிய பரவுனதும் இந்த அமெச்சூர் போட்டிகளாலதான். எகிப்துக்காரர் எட்மண்ட் சூஸா, ஓவியரும் கூட, 1928ல ரான்ஸ்ல மூணு குஷனுக்கு நடந்த முதல் அமெச்சூர் உலகப் பட்டத்தை ஜெயிச்சார், அடுத்த வருஷம் பாரிஸ்லயும் அவரேதான். 1933ல அந்தப் போட்டியே கெய்ரோவுக்கு போச்சு. பந்தயப் பணம் மட்டுமே ஓட்டுன உலகமா இருந்திருந்தா ஆட்டம் கெய்ரோ பக்கம் திரும்பிப் பாத்திருக்குமா?

உருளும்_கணக்கு எழுதியது:

400ஐ ஒரே இன்னிங்ஸ்ல முடிச்ச கதைக்கு தொடர்ச்சி ஒண்ணு. 18.2வும் ப்ரொஃபெஷனல்களுக்கு சின்னதா போயிடுச்சு, ரெண்டு பேர்ல ஒருத்தர் முழுக்க நாற்காலிலயே உக்காந்திருக்கற நாள் திரும்ப வந்துச்சு. ஜனம் மெல்ல மூணு குஷன் பக்கம் போச்சு, ஹாப்பியே அங்க போய் 1940ல 20 ஆட்டம் ஆடி 20ம் ஜெயிச்சார். காடர்லயும் 47/2, 47/1, 71/2ன்னு கட்டத்தை மாத்தி மாத்தி வெச்சிருக்காங்க. 71ங்கறது வேற ஒண்ணும் இல்ல, மேசையோட அகலம் 142 சென்டிமீட்டர், அதுல பாதி. நடுவுல நீளமா ஒரு கோடு, குறுக்க ரெண்டு, மொத்தம் 6 பெரிய கட்டம். 47ங்கறது அகலத்துல மூணுல ஒரு பங்கு.

சும்மா_கேக்கிறேன் எழுதியது:

இப்ப எனக்கு ஆடிப் பாக்கணும் போல இருக்கு. நம்ம கிளப்ல ஸ்நூக்கர் மேசை 12 அடி, அதுல கோடு போட்டு பழகலாமா?

பழைய_மார்க்கர் எழுதியது:

கோடு போட்டா மார்க்கர் உன்னை வெளிய அனுப்பிடுவான் தம்பி, அந்த துணி விலைக்கு அவன்தான் பதில் சொல்லணும். தவிர ஸ்நூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், எடை கம்மி, குஷன் விளிம்பும் வேற. ரப்பேல் அடிச்சா பாக்கெட்ல போய் விழும். ஆனா இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் மூணு பந்தை எடுத்து நடு மேசையில கேனன் மட்டும் பழகு, கை மெதுவாகும். தொடுறப்ப சத்தமே வரக் கூடாது, அப்படி பழகு.

வடமராட்சியான் எழுதியது:

தம்பி, ஐயா சொன்னது சரி. இந்தப் பக்கம் எப்பவாவது வந்தியெண்டாப் பெரிய மேசையில தொடங்காத. இஞ்ச கஃபேயளில கிடக்கிற 2.30 மீட்டர் சின்ன மேசையில விளையாடு, அதுக்குக் காடர் 38/2, இல்லாட்டி 57/2, கணக்கு அதேதான், அகலத்தில மூண்டில ஒண்டும் பாதியும். முதல்ல கோடே பாக்காத, மூண்டு பந்தையும் ஒரு மூலைக்குக் கொண்டுவரப் பழகு. பந்து சேர்ந்து வரத் தொடங்கினாப் பிறகு உனக்கே கோடு வேணும் எண்டு தோணும், அப்ப கிளப்பில கேட்டா ஒராள் சட்டமும் பென்சிலும் கொண்டு வருவார்.